இந்தப் பெட்டிக்கு எந்த ஓஎஸ்?

மண்டபம், பாம்பன், கீழக்கரை பக்கத்துச் சின்னச் சின்ன அலுவலகங்களுக்குக் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக் கொடுப்பது என் தொழில். நண்டு கம்பெனி, ஐஸ் கம்பெனி, பள்ளிக்கூடம் என்று எங்கிருந்தாவது மாதம் ஒரு தடவை இந்தக் கேள்வி வந்துவிடும்: "தம்பி, சர்வர் ஒண்ணு வாங்கிட்டோம். எந்த ஓஎஸ் போட்டா நல்லது?" சர்வர் என்றால் அலுவலகத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் பொதுவாக நாடுகிற கம்ப்யூட்டர்; ஓஎஸ் என்றால் அதை இயக்கும் அடிப்படை சாஃப்ட்வேர். நான் உடனே ஒரு பெயரைச் சொல்வதில்லை. "பெட்டி எந்த வருஷத்துது அண்ணே? உள்ள என்ன பிராசசர், என்ன ரெய்டு கார்டு? அதுல என்ன சாஃப்ட்வேர் ஓடணும்?" என்று திருப்பிக் கேட்பேன்.

இதே அண்ணன் படகு வாங்கப் போனால் ‘நல்ல படகு எது’ என்று மொட்டையாகக் கேட்கமாட்டார். ராமேஸ்வரம் தீவுக்கு வடக்கே இருப்பதைப் பெண் கடல் என்கிறோம், தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் இருப்பதை ஆண் கடல் என்கிறோம். கச்சான் காற்று அடிக்கும்போது தெற்கே சீறும். வாடை வந்தால் வடக்கே சீறும். எந்தக் கரையிலிருந்து இறக்கப் போகிறோம், என்ன வலை போடப் போகிறோம் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் படகு விலையே பேசுவார்கள். சர்வருக்கு ஓஎஸ் தேர்ந்தெடுப்பதிலும் முதல் பேச்சு பெட்டியைப் பற்றித்தான் இருக்க வேண்டும். உள்ளே இருக்கிற ஒவ்வொரு பாகத்தையும் அந்த ஓஎஸ் அடையாளம் கண்டுகொள்கிறதா, இன்னும் எத்தனை வருஷம் கண்டுகொள்ளும் என்பதுதான் கேள்வி. மற்றதெல்லாம் அப்புறம்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. எந்த ஓஎஸ் போட்டாலும் டிஸ்க் தெரியும், திரை தெரியும், வைஃபை மட்டும் சில நேரம் முரண்டு பிடிக்கும். சர்வர் அப்படியில்லை. அதில் டிஸ்க்குகள் நேராக மதர்போர்டில் சொருகப்பட்டிருக்காது. நடுவே ரெய்டு கார்டு என்று ஒன்று உட்கார்ந்திருக்கும். நான்கைந்து டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே டிஸ்க் போலக் காட்டுவதும், அதில் ஒன்று செத்தாலும் தகவல் போகாமல் காப்பதும் அதன் வேலை. நெட்வொர்க் கார்டும் வேறு ரகமாக இருக்கும். பெட்டி அணைந்திருக்கும்போதே தூரத்திலிருந்து அதை எழுப்பவும் விசிறி வேகம் பார்க்கவும் தனியாக ஒரு குட்டிக் கம்ப்யூட்டரே உள்ளே இருக்கும். இந்த ஒவ்வொன்றோடும் பேச ஓஎஸ்ஸுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அதைத்தான் டிரைவர் என்கிறோம். டிரைவர் இல்லாத பாகம் பெட்டிக்குள் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

2022 ஆடி மாதம் மண்டபத்தில் ஒரு மீன் ஏற்றுமதி கம்பெனிக்கு இரண்டாம் கையாக வாங்கிய சர்வர் ஒன்றை நிறுத்தினேன். பெட்டி நல்ல பெட்டி. இரண்டு ஜியான் பிராசசர், 64 ஜிபி மெமரி, நான்கு டிஸ்க். அப்போது புதிதாக இருந்த ஒரு லினக்ஸ் ஓஎஸ்ஸை ஏற்றத் தொடங்கினேன். எந்த டிஸ்க்கில் போடட்டும் என்று கேட்கிற இடத்தில் பட்டியல் காலியாக இருந்தது. ஒரு டிஸ்க்கூட இல்லை. பெட்டியைத் திறந்து பார்த்தால் கேபிள் முனையில் லேசாகப் பச்சை பூத்திருந்தது. நம் ஊர் உப்புக்காற்று தெரியும்தானே, செம்பு எங்கே இருந்தாலும் தேடிப் போய்த் தின்னும். அதுதான் காரணம் என்று முடிவுகட்டி, முனைகளைத் துடைத்தேன், கேபிளை மாற்றினேன், டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினேன். இரண்டு ராத்திரி போனது. வெளியே கச்சான் தகரக் கூரையைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள்தான் முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். இன்ஸ்டால் செய்யும் திரையிலேயே கட்டளை எழுதும் பக்கத்துக்குப் போய் எல்எஸ்பிசிஐ என்று அடித்தேன். பெட்டிக்குள் இருக்கும் கார்டுகளை வரிசையாகக் காட்டும் கட்டளை அது. கூடவே கே என்ற எழுத்தைச் சேர்த்தால், ஒவ்வொரு கார்டுக்கும் கீழே எந்த டிரைவர் அதை இயக்குகிறது என்றும் சொல்லும். நெட்வொர்க் கார்டுக்குக் கீழே டிரைவர் பெயர் இருந்தது. திரை இயக்கும் சிப்புக்குக் கீழே இருந்தது. ரெய்டு கார்டின் பெயர் தெளிவாக வந்தது; அதற்குக் கீழே டிரைவர் இருக்க வேண்டிய வரி மட்டும் இல்லை. கேபிளிலும் குற்றமில்லை, உப்பிலும் குற்றமில்லை. அந்த ஓஎஸ்ஸின் அந்தப் பதிப்புக்கு அந்தக் கார்டைத் தெரியாது, அவ்வளவுதான்.

இங்கே ஆரம்பிக்கிறவர்களுக்குக் குழப்பம் வரும். ‘லினக்ஸ் பழைய பெட்டியில்கூட ஓடும் என்று சொல்கிறார்களே?’ ஓடும். ஆனால் லினக்ஸ் என்பது ஒரே பொருள் இல்லை. லினக்ஸின் மையப் பகுதியான கர்னலை உருவாக்குகிறவர்கள் பழைய டிரைவர்களைப் பெரும்பாலும் பல வருஷம் வைத்திருப்பார்கள். அதை எடுத்து, தன் பெயரில் கட்டித் தருகிற நிறுவனமோ குழுவோ எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று தனியாக முடிவெடுக்கும். பத்து வருஷம் ஆதரவு தருகிறேன் என்று எழுதிக் கொடுக்கிற நிறுவனம், தான் சோதித்துப் பார்க்க முடியாத பழைய கார்டுகளைக் கழித்துவிடுவதில் நியாயம் இருக்கிறது. 2019இல் வந்த ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 8, அதற்கு முந்தைய 7ஆம் பதிப்பு அறிந்திருந்த பல பழைய ரெய்டு கார்டுகளை விட்டுவிட்டது. எவை எவை என்ற பட்டியலையும் அவர்களே வெளியிட்டார்கள். அதை அடியொற்றி வரும் ராக்கி, அல்மா போன்றவற்றுக்கும் இயல்பாக அதுவே வந்து சேர்ந்தது. பிறகு அல்மா குழு 2024இல் 9.4 பதிப்பில் அப்படி விடப்பட்ட பல கார்டுகளுக்கான ஆதரவைத் திரும்பச் சேர்த்தது. இன்னொரு லினக்ஸான டெபியன் பொதுவாகக் கர்னலில் உள்ளதை அப்படியே வைத்துக்கொள்ளும். ஆக, வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கும் மூன்று லினக்ஸில், ஒரே கார்டை ஒன்று பார்க்கும், ஒன்று பார்க்காது.

விட்டுப்போன டிரைவரை வெளியிலிருந்து ஏற்ற வழி உண்டு. எல்ரெப்போ என்ற தன்னார்வக் குழு ரெட் ஹாட் குடும்பத்துக்கு இப்படிப்பட்ட டிரைவர்களைத் தருகிறது. நல்ல வேலைதான். ஆனாலும் புதிதாக ஆரம்பிக்கிறவருக்கு நான் அதைச் சொல்வதில்லை. சிறு பதிப்பு மாறும்போது கர்னலும் மாறும். டிரைவர் அதோடு ஒத்துப்போகாவிட்டால் ஒரு நாள் அப்டேட் போட்ட பிறகு பெட்டி எழாது. அன்றைக்கு நாம் மண்டபத்தில் இருக்கமாட்டோம், ராமநாதபுரத்தில் கல்யாண வீட்டில் இருப்போம். தானாகவே கார்டைத் தெரிந்துகொள்கிற ஓஎஸ் இருக்கும்போது எதற்கு இந்த ஒட்டு?

அடுத்தது பிராசசர். கார்டு விஷயமாவது டிஸ்க் தெரியவில்லை என்ற அளவில் பிடிபடும். இது ஓஎஸ்ஸை எழவே விடாது. இன்டெல், ஏஎம்டி பிராசசர்களை அவற்றுக்குத் தெரிந்த கட்டளைகளை வைத்து வி1, வி2, வி3, வி4 என்று நான்கு படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். முழுப் பெயர் எக்ஸ்86-64-வி2 என்பது போல வரும். 2022இல் வந்த ரெட் ஹாட் 9க்குக் குறைந்தது இரண்டாம் படி வேண்டும். 2025இல் வந்த ரெட் ஹாட் 10க்கு மூன்றாம் படி வேண்டும். மூன்றாம் படிக்கு அடையாளம் ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுதி. இன்டெலில் அது 2013இல் வந்த ஹாஸ்வெல் தலைமுறையோடு தொடங்கியது. சர்வர் பிராசசரில் சொன்னால் ஜியான் இ5 வி3 முதல். அதற்கு முந்தைய இ5, இ5 வி2 இரண்டும் இரண்டாம் படியோடு நின்றுவிடும். இரண்டாம் கைச் சந்தையில் மலிவாகக் கிடைப்பவற்றில் இந்த வயசுப் பெட்டிகள் நிறைய. பிராசசர் பெயரில் உள்ள வி2வும் படியைக் குறிக்கும் வி2வும் இந்த இடத்தில் ஒத்துப்போவது தற்செயல்தான். அதை விதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எல்எஸ்சிபியு என்ற கட்டளையை அடித்து, ஃபிளாக்ஸ் (கொடிகள்) என்று வரும் நீண்ட வரியில் ஏவிஎக்ஸ்2 இருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பதே சரி.

அப்படியானால் பழைய இ5 பெட்டி வைத்திருப்பவர் என்ன செய்வது? அல்மா 10 இரண்டாம் படிக்கென்று தனியாக ஒரு கட்டும் தருகிறது. டெபியனுக்கு இந்த நிபந்தனையே இல்லை. 64 பிட் பிராசசராக இருந்தால் போதும். ஆனால் 32 பிட் மட்டும் தெரிந்த மிகப் பழைய பெட்டிக்கு 2025இல் வந்த டெபியன் 13 இன்ஸ்டாலர் தருவதை நிறுத்திவிட்டது. அந்த வயசுப் பெட்டியை சர்வராக வைக்காமலிருப்பதே மேல் என்பது என் கருத்து. கரண்ட் பில்லே அதன் விலையைத் தாண்டிவிடும்.

விண்டோஸ் பக்கமும் இதே கதைதான். விண்டோஸ் சர்வர் 2025க்கு எஸ்எஸ்இ 4.2, பாப்கவுண்ட் என்ற கட்டளைகள் தெரிந்த பிராசசர் கட்டாயம். பெரும்பாலான பெட்டிகள் அதைத் தாண்டிவிடும். சிக்குவது மறுபடியும் ரெய்டு கார்டில்தான். கார்டு செய்தவர்கள் விண்டோஸ் சர்வர் 2012க்கோ 2016க்கோ டிரைவர் தந்ததோடு நிறுத்தியிருப்பார்கள். வாங்குவதற்கு முன் அந்த மாடலின் டிரைவர் பக்கத்தில் எந்த ஓஎஸ் வரை பெயர் இருக்கிறது என்று பார்த்துவிட்டால், அந்தப் பெட்டியின் ஆயுசு அங்கேயே எழுதியிருக்கும்.

விண்டோஸ் வேண்டுமா வேண்டாமா என்பதைப் பெரும்பாலும் சாஃப்ட்வேர் முடிவுசெய்துவிடுகிறது. கணக்கு டேலியில் என்றால் அது விண்டோஸில் ஓடுவது. அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஆனால் காசுக் கணக்கைப் பெட்டியோடு சேர்த்துப் போடுங்கள். விண்டோஸ் சர்வரின் லைசென்ஸ் பிராசசர் கோர் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஒரு பெட்டிக்குக் குறைந்தது 16 கோருக்கு வாங்கியாக வேண்டும். ஆறு கோர் உள்ள ஒற்றைப் பிராசசர் பெட்டியாக இருந்தாலும் 16தான். இரண்டு 12 கோர் பிராசசர் இருந்தால் 24. அதில் நுழைந்து வேலை பார்க்கும் ஆட்களுக்கோ கம்ப்யூட்டர்களுக்கோ அனுமதி லைசென்ஸ் தனி. மலிவாகக் கிடைக்கிறதே என்று நிறைய கோர் உள்ள பழைய பெட்டியை வாங்கிவிட்டு, லைசென்ஸில் அதைவிட அதிகமாகக் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வருத்தமாக இருக்கும். வாங்கும் முன் ஒரு போன் பண்ணியிருக்கலாம்.

நெட்வொர்க் கார்டைப் பற்றி ஒரு சின்ன விஷயம். சில கார்டுகளுக்கு டிரைவர் மட்டும் போதாது, கார்டுக்குள்ளேயே ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் என்ற கோப்பும் வேண்டும். முன்பெல்லாம் டெபியன் தன் கொள்கைப்படி அந்தக் கோப்புகளை இன்ஸ்டாலரில் வைக்காது. பழைய பிராட்காம் கார்டு உள்ள பெட்டியில் பாதி வழியில் ‘ஃபர்ம்வேர் கொடு’ என்று நின்றுவிடும்; பென்டிரைவைத் தேடி ஓட வேண்டும். 2023 ஜூனில் வந்த டெபியன் 12இலிருந்து அவை இன்ஸ்டாலரிலேயே வருகின்றன. நம்மைப் போல நெட் சிக்னல் வந்துபோகும் ஊரில் வேலை பார்ப்பவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

ஒரே பெட்டியில் இரண்டு மூன்று சர்வர்களைத் தனித்தனியாக ஓட்ட நினைப்பவர்கள் விஎம்வேர் இஎஸ்எக்ஸ்ஐ, பிராக்ஸ்மாக்ஸ் என்று பெயர்களைக் கேள்விப்பட்டிருப்பார்கள். இஎஸ்எக்ஸ்ஐ தன் பட்டியலில் உள்ள பாகங்களோடு மட்டும் பழகும். பட்டியலைப் பார்க்காமல் தொடவே கூடாது. பிராக்ஸ்மாக்ஸ் டெபியன் மேல் கட்டப்பட்டது, அதனால் கலவையான பெட்டிகளுக்கு ஒத்துப்போகும்.

ஃபைல்களைச் சேர்த்துவைக்க மட்டும் ஒரு சர்வர் வேண்டும் என்பவர்கள் ட்ரூநாஸ் என்ற ஓஎஸ்ஸைக் கேட்கிறார்கள். இங்கே பெட்டியைப் பார்க்காமல் முடிவெடுத்தால் பெரிய தவறு நடக்கும், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். ட்ரூநாஸ் பயன்படுத்துவது இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறை. எழுதும் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணை அது தானே போட்டு வைத்துக்கொள்ளும், படிக்கும்போது ஒத்துப்பார்க்கும், ஒரு டிஸ்க்கில் பிசகியிருந்தால் இன்னொரு டிஸ்க்கிலிருந்து எடுத்துச் சரிசெய்யும். இதைச் செய்ய ஒவ்வொரு டிஸ்க்கும் அதன் கண்ணுக்கு நேராகத் தெரிய வேண்டும். நடுவே ரெய்டு கார்டு உட்கார்ந்து நான்கையும் ஒன்றாக்கிக் காட்டினால், பிசகு எந்த டிஸ்க்கில் என்று இசட்எஃப்எஸ்ஸுக்குத் தெரியாது, சரிசெய்யவும் முடியாது. ஆகவே ட்ரூநாஸுக்கு டிஸ்க்கை அப்படியே கடத்திவிடும் எச்பிஏ கார்டு வேண்டும். சில ரெய்டு கார்டுகளை ஃபர்ம்வேர் மாற்றி அப்படி ஆக்கலாம், எல்லாவற்றையும் முடியாது. மெமரியும் குறைந்தது 8 ஜிபி, அதுவும் பிழை திருத்தும் இசிசி ரகமாக இருந்தால் நல்லது. உங்கள் பெட்டியில் இருப்பது நல்ல ரெய்டு கார்டு, அதை மாற்ற மனசில்லை என்றால், ரெய்டு வேலையைக் கார்டிடமே விட்டுவிட்டு டெபியனோ உபுண்டுவோ போட்டு, சாதாரண எக்ஸ்ட்4 கோப்பு முறையில் வையுங்கள். இரண்டும் நல்ல வழிதான். இரண்டையும் கலப்பதுதான் ஆபத்து.

கடற்கரையில் வேலை பார்க்கிறவன் என்பதால் இதையும் சேர்த்துக்கொள்கிறேன். டிஸ்க் தெரிந்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் எழுந்துவிடுகிறார்கள். ரெய்டு கார்டின் உடம்பு எப்படி இருக்கிறது என்று ஓஎஸ்ஸுக்குள்ளிருந்து கேட்க முடிகிறதா என்றும் பாருங்கள். எழுத வேண்டியதைக் கார்டு முதலில் தன் மெமரியில் வாங்கி வைத்துக்கொள்ளும். திடீரென்று கரண்ட் போனால் அதைக் காப்பது கார்டில் உள்ள சின்ன பேட்டரி. ஐப்பசி, கார்த்திகையில் புயல் சின்னம் என்றாலே கரண்ட் எத்தனை தடவை போய் வரும் என்று நமக்குத் தெரியும். அந்த பேட்டரி செத்திருந்தால், பல கார்டுகள் பாதுகாப்புக்காக மெமரியில் வாங்குவதை நிறுத்திவிடும். பெட்டி ஆமை வேகத்தில் ஓடும். காரணம் யாருக்கும் தெரியாது. பேட்டரியின் நிலையையும், ஒரு டிஸ்க் செத்துவிட்டதையும் சொல்ல, கார்டு செய்தவர்கள் ஒரு கருவி தருவார்கள். அது உங்கள் ஓஎஸ்ஸுக்குக் கிடைக்கிறதா என்று முன்னாலேயே பார்ப்பது நல்லது. விசிறி, சூடு ஆகியவற்றைப் பார்க்க ஐபிஎம்ஐடூல் என்ற கட்டளை லினக்ஸில் எளிதாகக் கிடைக்கும். உப்பும் தூசியும் படிந்து விசிறி சுற்றுவது குறைவதைப் பெட்டியைத் திறக்காமலேயே நான் அதில்தான் பார்க்கிறேன்.

சிலர் ராஸ்பெரி பையையே சர்வராக வைக்கிறார்கள். சின்ன வேலைக்குத் தாராளமாகப் போதும். அதன் பிராசசர் ஏஆர்எம் ரகம். இன்டெலுக்கான கட்டு அதில் ஏறாது, ஏஆர்எம்64 என்று போட்டதைத்தான் எடுக்க வேண்டும். பை 4இல் கரண்ட் போனாலும் நேரத்தைக் காக்கும் கடிகாரம் கிடையாது. நெட் வரும்வரை அதன் நேரம் தப்பாகவே இருக்கும். இறங்குதளத்தில் எடை போட்ட நேரத்தைப் பதிகிற வேலைக்கு வைத்தால் கணக்கு குழம்பும். பை 5இல் கடிகாரம் இருக்கிறது, அதற்கான பேட்டரியைத் தனியாக வாங்கிப் பொருத்த வேண்டும்.

சரி, எப்படிச் சோதிப்பது? காசு கொடுக்கும் முன், போட நினைக்கிற ஓஎஸ்ஸின் அதே பதிப்பைப் பென்டிரைவில் ஏற்றி, விற்பவர் முன்னாலேயே பெட்டியை அதிலிருந்து எழுப்புங்கள். அதே பதிப்பு என்பது முக்கியம்; உபுண்டுவில் எழுந்தால் ரெட் ஹாட்டிலும் எழும் என்று அர்த்தமில்லை. எல்லா டிஸ்க்கும் தெரிகிறதா, எல்லா நெட்வொர்க் துளையிலும் கேபிள் சொருகினால் உயிர் வருகிறதா, ஒவ்வொரு கார்டுக்கும் கீழே டிரைவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அரை மணி நேரம் ஆகும். டிஸ்க் 2 டிபிக்கு மேல் என்றால், பெட்டி யூஇஎஃப்ஐ என்ற புதிய முறையில் எழுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பழைய பயாஸ் முறையில் விண்டோஸ் அவ்வளவு பெரிய டிஸ்க்கிலிருந்து முழு அளவோடு எழாது.

அப்புறம் ஆதரவு முடியும் தேதி. அந்தத் தேதிக்குப் பிறகு பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. ரெட் ஹாட்டை அடியொற்றி வந்த சென்ட்ஓஎஸ் 7க்கு அது 2024 ஜூன் 30ஆம் தேதி முடிந்தது. பழைய கார்டுகளையெல்லாம் நன்றாகத் தெரிந்த ஓஎஸ் என்பதற்காக இன்னும் அதையே ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அது வேண்டாம். விண்டோஸ் சர்வர் 2016க்கு 2027 ஜனவரியில் முடிகிறது, 2022க்கு 2031 அக்டோபர் வரை இருக்கிறது. பெட்டி இன்னும் எத்தனை வருஷம் தாங்கும் என்று ஒரு மதிப்பு போட்டு, அதைத் தாண்டி ஆதரவு இருக்கும் ஓஎஸ்ஸை எடுங்கள்.

மண்டபத்துப் பெட்டிக்கு அன்றைக்கு டெபியன் 11 போட்டேன். முதல் திரையிலேயே டிஸ்க் தெரிந்தது. அடுத்த வருஷம் 12க்கு ஏற்றினேன். அதற்கும் முன்னால் பென்டிரைவில் எழுப்பிப் பார்த்துக்கொண்டுதான் செய்தேன். டெபியன் 12க்கு நீண்டகால ஆதரவு 2028 ஜூன் 30 வரை. அந்தத் தேதியையும் ரெய்டு கார்டின் பெயரையும் பிராசசர் பெயரையும் ஒரு அட்டையில் எழுதி, பெட்டியின் முன்பக்கம் ஒட்டியிருக்கிறேன். உப்பில் மை கரையாமலிருக்க மேலே செல்லோ டேப். கம்பெனியின் அண்ணன் போன வாரம் கூப்பிட்டார்: "தம்பி, இன்னொரு சர்வர் பார்த்திருக்கேன். வாங்கறதுக்கு முன்னாடி அந்தப் பென்டிரைவ எடுத்துக்கிட்டு வர்றியா?"